கில்ற்றுக்கு ஏற்ற சப்பாத்து

ஒரு நாட்டாரின் உடையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலையணியிலே தொடங்கி முழங்காலிலே நிறுத்திவிடுவர். முழங்காலுக்குக் கீழேயும் ஒரு கதை உண்டென்பது அவர்தம் நினைவுக்கு வருவதில்லை. ஸ்கொத்லாந்து மக்களின் கில்ற் என்னும் உடைக்கும் இக்கதியே நேர்ந்திருக்கிறது. அரையைச் சுற்றி மடிப்பு மடிப்பாக அமையும் அந்தக் கம்பளி ஆடையின் கட்டங்களைப் பற்றியும், நிறங்களைப் பற்றியும், எக்குடியினர்க்கு எக்கோலம் உரியது என்பதைப் பற்றியும் நூல்கள் பல உள. ஆனால், கில்ற்றை அணிந்தவன் காலில் எதனை அணியவேண்டும் என்று கேட்பவன் கடைக்காரர் சொல்லும் விடையோடு திருப்தியடைய வேண்டியவனாகிறான்.

இக்கேள்வி அற்பமானதன்று. நீளக் காற்சட்டை அணிந்தவனுடைய சப்பாத்திற் பாதியைக் காற்சட்டையே மறைத்துவிடும். கில்ற்றோ முழங்காலின் நடுவோடு முடிந்துவிடுகின்றது. அதற்குக் கீழே தடித்த கம்பளிக் காலுறை. யாழ்ப்பாணத்தார் இதனை மேசு என்பர். அதற்குங் கீழே சப்பாத்து. மறைப்பதற்கு அங்கே யாதுமில்லை. ஏறக்குறைய எட்டு யார் துணி மடிப்புக்களாக அரையிலே தொங்கும்பொழுது, கீழே மெல்லிய அடித்தோலையுடைய நகரத்துச் சப்பாத்து இருக்குமாயின், பெருமரமொன்று வேரின்றி நிற்பது போலத் தோன்றும். ஆகவே கில்ற் அணிபவனைப் பார்ப்போரின் கண் முதலில் ஆடைக்கும், உடனே காலுக்கும் செல்கின்றது.

எடின்பரோ நகரிலே ஈராண்டு வாழும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் தங்கியிருந்த தெருவிலே, திருமணத்துக்கான உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்று இருந்தது. கோடைகாலச் சனிக்கிழமைகளிலே மணமகனும் தோழர்களும் அக்கடைக்குட் சென்று, சிறிது நேரத்தில் மலைநாட்டு வீரராக வெளியே வருவர். கட்டங்களின் நிறம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறுபடும். ஆனால் எல்லோருடைய காலிலும் ஒரே வகையான சப்பாத்தே இருக்கும். அதன் பெயர் கில்லி புரோக். அதற்கு நாக்கு இல்லை, மேற்புறம் திறந்திருக்கும். முன்புறத் தோலிலே சிறு சிறு துளைகள் அழகாக இடப்பட்டிருக்கும். நீண்ட நாடா கணுக்காலைச் சுற்றிச் சென்று, அதற்கு மேலே முடியப்பட்டிருக்கும்.

நாக்கில்லாத சப்பாத்தை ஏன் அணிகின்றீர்கள் என்று அவ்விளைஞர்களில் ஒருவரை ஒருநாள் வினவினேன். "அதுதான் வழக்கம்" என்றார். வழக்கத்துக்கும் ஒரு பிறப்பு இருக்குமன்றோ? அப்பிறப்பைத் தேடிப் படிக்கலானேன்.

நீரை விடும் சப்பாத்து

ஸ்கொத்லாந்தின் மலைநாடு மழை மிகுந்த நாடு. மலைச்சரிவுகளிலே ஹெதர்ப் புதர்களும், அவற்றினிடையே காலை வைத்தால் அழுந்தும் சதுப்பு நிலங்களும் உள. பாலங்கள் இல்லாத காலத்திலே ஓடைகளையும் ஆறுகளையும் இறங்கியே கடக்கவேண்டியிருந்தது. அத்தகைய நிலத்திலே நீர் புகாத சப்பாத்தொன்றைச் செய்ய முயல்வது வீண் முயற்சி. மேலே புகும் நீர் உள்ளே தங்கிக் காலைக் கனக்கச் செய்யும். தோலையும் அழுகச் செய்யும். மலைநாட்டார் வேறு வழியிற் சிந்தித்தார்கள். நீர் வருவதைத் தடுக்கமுடியாது. வந்த நீர் போவதற்கு வழி செய்வோம் என்று துணிந்தார்கள்.

1543 ஆம் ஆண்டளவில் ஜோன் எல்டர் என்னும் மலைநாட்டுக் குருவானவர் இங்கிலாந்தின் அரசனாகிய எட்டாம் ஹென்றிக்கு ஒரு நீண்ட கடிதம் வரைந்தார். தம்முடைய மக்கள் பனியிலும் குளிரிலும் வெறுங்காலோடு திரிபவர்கள் என்று அதிலே கூறுகின்றார். வேட்டையாடிய செம்மானின் தோலை உரித்து, உரோமம் வெளிப்புறமாக இருக்கும்படி காலளவுக்கு வெட்டி, உட்புகுந்த நீர் வெளியேறுதற்காக அதிலே துளைகளிட்டு, வாரினாற் கணுக்காலுக்கு மேலே கட்டிக்கொள்ளும் முறையையும் விளக்குகின்றார். அரசனுக்கு எழுதும் கடிதத்திலே சப்பாத்துச் செய்யும் விதத்தை எழுதியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்! உரோமம் வெளியே தெரிய அணிந்தமையால் ஆங்கிலேயர் இம்மக்களைக் கரடுமுரடான காலினர் என்று இகழ்ந்து பேசினர். இகழ்ந்தவர்களின் காலிலே நீர் தேங்கிற்று. இகழப்பட்டவர்களின் காலிலே தேங்கவில்லை.

1703 ஆம் ஆண்டிலே, ஸ்கை தீவிற் பிறந்த மார்ட்டின் மார்ட்டின் என்பவர் மேற்குத் தீவுகளைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மான், பசு, குதிரை ஆகியவற்றின் தோற்றுண்டை முன்னும் பின்னும் வாரினாற் கட்டிக்கொண்ட வழக்கத்தை அவர் பழங்கால வழக்கமாகவே குறிப்பிடுகின்றார். தமது காலத்திலே பெரும்பாலார் மெல்லிய ஒற்றை அடித்தோலையுடைய சப்பாத்தை அணிந்தனர் என்றும், அது வலக்காலுக்கும் இடக்காலுக்கும் தனித்தனியே வெட்டப்பட்டது என்றும் கூறுகின்றார். புரோக் என்னும் சொல்லும் இம்மக்களுடையதே. அவர்களின் கேலிக் மொழியிலே அதற்குச் 'சப்பாத்து' என்பதே பொருள். இன்று உலகெங்கும் அலுவலகங்களிலே துளை வேலைப்பாடமைந்த புரோக் சப்பாத்தை அணிந்து நடப்போர், அத்துளைகள் சதுப்பு நிலத்து நீரின் நினைவு என்பதை அறியார். இப்போது அத்துளைகள் தோலை ஊடுருவிச் செல்வதுமில்லை. நீர் போகும் வழி பூவேலையாகிவிட்டது.

கில்லி என்பதும் கேலிக் மொழிச் சொல்லே. பையன், ஏவலாளன் என்பன அதன் பொருள்கள். பிரபுக்கள் மான்வேட்டைக்கும் மீன்பிடிக்கும் செல்லும்போது துணையாகச் சென்று வழிகாட்டுபவனும், சுமை சுமப்பவனும் அவனே. நாக்கில்லாத சப்பாத்து நனைந்தாலும் விரைவில் உலரும். கணுக்காலைச் சுற்றிக் கட்டிய நாடா, சேறு சப்பாத்தை உறிஞ்சிக்கொள்ளாதபடி காத்தது. முடிச்சும் சேற்றிற் படாமல் உயரத்தில் இருந்தது. இவையே அதன் அமைப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள். ஆகவே, நடனமண்டபத்தின் மெழுகிட்ட தரையிலே இன்று மணமகன் அணிந்து நிற்பது, முழங்காலளவு ஈரத்தில் நடந்த ஓர் ஏவலாளனின் சப்பாத்தாகும்.

தடையும் அரசகோலமும்

ஏவலாளனின் காலிலிருந்த சப்பாத்து கனவானின் காலுக்கு எங்ஙனம் ஏறியது? இதற்கு விடை காணவேண்டுமாயின் உடையின் வரலாற்றைச் சிறிது நோக்கவேண்டும்.

1746 ஆம் ஆண்டு ஏப்ரில் 16 ஆம் திகதி கலோடன் என்னுமிடத்திலே மலைநாட்டுக் கிளர்ச்சிப்படை தோல்வியுற்றது. அவ்வாண்டிலேயே இலண்டன் பாராளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1747 ஆகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து அத்தடை அமுலுக்கு வந்தது. முதன்முறை பிடிபட்டவனுக்கு ஆறுமாதச் சிறை. இரண்டாமுறை பிடிபட்டவனுக்குக் கடல்கடந்த நாட்டிலே ஏழாண்டு வாசம். மேற்போர்வை, சிறு கில்ற், கட்டமிட்ட காற்சட்டை, தோட்பட்டை என்று அச்சட்டம் பெயர் சொல்லி எண்ணிச் செல்கின்றது. சப்பாத்தின் பெயர் மாத்திரம் அப்பட்டியலில் இல்லை. அரசனின் படையிலே சேர்ந்த மலைநாட்டார்க்குத் தடையில்லை. மற்றையோர்க்கு 1782 ஆம் ஆண்டிலேதான் அது நீக்கப்பட்டது.

முப்பத்தைந்து ஆண்டு என்பது ஒரு தலைமுறை. தகப்பன் அணிந்ததை மகன் அணியாமற் போவதற்கு அது போதும். தடை நீங்கியபோது கில்ற் உழவனின் அன்றாட உடையாகத் திரும்பி வரவில்லை. படைவீரனுடைய சீருடையாகவும், செல்வரின் விழாவுடையாகவும் வந்தது. 1822 ஆம் ஆண்டிலே நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு எழுந்தருளினான். வரவேற்பை ஒழுங்குசெய்தவர் நாவலாசிரியர் சேர் வால்ற்றர் ஸ்கொற். அவ்வேளையில் மன்னன் அணிந்த மலைநாட்டுக் கோலத்துக்கு 1,354 பவுண் செலவாயிற்று. கில்ற்றின் கீழே காலைக் காட்ட நாணியோ, குளிருக்கு அஞ்சியோ, உடலின் நிறத்தையொத்த இறுக்கமான காலுடையையும் அவன் அணிந்திருந்தான். பின்னர் ஓவியர் டேவிட் வில்கி அக்காட்சியைத் தீட்டியபோது அதனை விட்டுவிட்டார். மன்னனின் உண்மையான காலை விட ஓவியத்தின் கால் வீரம் மிக்கதாயிற்று.

1852 இல் விக்டோரியா மகாராணியின் குடும்பத்தார் பல்மோரல் மாளிகையை வாங்கினர். அதன்பின் மான்வேட்டையும் மலைநாட்டு நடனமும் பிரபுக்களின் நாகரிகமாயின. வேட்டைக்குத் துணைசென்ற கில்லியின் சப்பாத்து மெருகேற்றப்பட்டு மண்டபத்துட் புகுந்தது. அதனோடு, பதினெட்டாம் நூற்றாண்டு அரசவையாரின் வெள்ளிப் பக்கிள் வைத்த மெல்லிய சப்பாத்தும் மாலை விருந்துகளிலே கில்ற்றுக்குத் துணையாயிற்று. ஒன்று சேற்றிலிருந்து வந்தது. மற்றையது அரசவையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் இன்று 'பாரம்பரியம்' என்ற ஒரே பெயர்.

ஒரே மைதானத்தில் மூன்று வகைக் கால்கள்

செப்ரெம்பர் மாதத்தின் முதலாவது சனிக்கிழமையிலே பிறேமார் என்னும் மலைநாட்டு ஊரிலே பெருவிளையாட்டு விழா நடைபெறுகின்றது. நான் அங்கு சென்றிருந்தபோது மற்றையோர் வானத்தை நோக்கிப் பறக்கும் சம்மட்டியைப் பார்த்தனர். நான் எறிபவரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்விளையாட்டில் எறிபவர் சுழன்றாடுவதில்லை. நின்ற நிலையிலேயே 16 அல்லது 22 இறாத்தல் நிறையைத் தலையைச் சுற்றிச் சுழற்றி, பின்புறமாக எறிகின்றார். நிலம் அவரைத் தாங்கவேண்டும். அதற்காக அவருடைய கனத்த பூட்ஸின் முனையிலே நீண்ட இரும்பு அலகொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனை மண்ணிலே புதைத்து, மரம் வேரூன்றினாற்போல நிற்பார்.

அவருக்குச் சிறிது தூரத்திலே மேடையில் வாள்நடனம். தரையிலே குறுக்கும் நெடுக்குமாக வைத்த வாள்களைத் தொடாமல் நுனிக்காலில் ஆடுபவர்க்குக் கையுறை போன்று மென்மையான, குதியற்ற, நாடா கட்டிய தோற்சப்பாத்து. மைதானத்தைச் சுற்றிவரும் குழல் வாத்தியக் குழுவினருக்கோ கனத்த புரோக். அதன் மேல் கணுக்காலை மூடும் வெண்ணிறத் துணியுறை. அதனை ஸ்பற்ஸ் என்பர். மூவர் அரையிலும் கில்ற். ஆயினும் ஒருவருடைய சப்பாத்தை மற்றவர் ஒரு நிமிடங்கூட அணியமாட்டார். அவ்விடத்திலே எனக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. கில்ற்றுக்கென்று ஒரு சப்பாத்து இல்லை. கில்ற்றை அணிந்தவன் நிற்கும் நிலத்துக்கும் செய்யும் தொழிலுக்குமே சப்பாத்து உண்டு.

இதனைப் போர்க்களமும் நிரூபித்தது. 1914 ஆம் ஆண்டிலே பிரான்சுக்குச் சென்ற மலைநாட்டுப் படையினர் தாழ்ந்த சப்பாத்தும் கணுக்கால் உறையும் அணிந்தே சென்றனர். மாரிகாலத்துப் பதுங்குகுழிகளின் சேறு அவற்றைக் காலிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பின்னர் அவர்களுக்கு உயர்ந்த பூட்ஸும், அதன்மேற் சுற்றும் பட்டித்துணியும் கொடுக்கப்பட்டன. முன்னோர் கணுக்காலுக்கு மேலே வாரைக் கட்டியதன் காரணத்தைப் பேரர்கள் பெருந்துன்பத்தின் வழியே மீண்டும் கற்றனர்.

இத்தகைய படையொன்றின் சுவடு நம்முடைய நாட்டிலும் உண்டு. 78 ஆம் மலைநாட்டுப் படைப்பிரிவினர் 1826 தொடக்கம் 1837 வரை இலங்கையிலே இருந்தனர். திரும்பிச் செல்லும்போது ஒரு யானையையும் கொண்டு சென்று எடின்பரோக் கோட்டையிலே வளர்த்தனர். அதன் கால்விரற் பகுதிகள் இன்றும் அக்கோட்டையிலுள்ள போர் நூதனசாலையிலே காட்சிக்கு உள. அப்படையிலே சப்பாத்தின்றி நடந்த ஒரே உறுப்பினர் நம்மூர் யானைதான் போலும்! அவர்களுக்குப் பின்னர் வந்த ஸ்கொத்லாந்துத் துரைமார் நமது மலைநாட்டின் தோட்டங்களுக்கு பல்மோரல், ஹோலிறூட், டன்சினேன் என்று தம்மூர்ப் பெயர்களை இட்டனர். கொழுந்து பறிக்கும் மக்கள் நாள்தோறும் சொல்லும் பெயர்கள் அவை.

எதனைத் தெரிவு செய்வது?

என்னோடு பணியாற்றிய நண்பரொருவர் தமது திருமணத்துக்கு என்னையும் கில்ற் அணிந்து வருமாறு கேட்டுக்கொண்டார். ஆடையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தேன். சப்பாத்துக்கு என் செய்வது என்று அவருடைய தகப்பனாரிடம் கேட்டேன். அவர் உடனே எதையும் சொல்லவில்லை. தேவாலயத்திலிருந்து விருந்து நடக்கும் இடத்துக்குப் புல்வெளியூடாக நடந்து செல்லவேண்டும் என்றார். அந்த வாரம் மழை பெய்யும் என்றார். பின்னர், "உம்மிடம் அடித்தோல் தடித்த கறுப்புச் சப்பாத்து இருக்குமல்லவா? அதை நன்றாக மினுக்கி அணிந்து வாரும். ஆடை இரவலாக இருக்கலாம்; சப்பாத்து இரவலாக இருந்தால் அதில் இன்னொருவருடைய நடையல்லவா இருக்கும்?" என்றார்.

திருமண நாளன்று அவருடைய காலைக் கவனித்தேன். கருங்கபில நிறமான பழைய புரோக். அது அவருடைய தகப்பனார் அணிந்தது என்றும், அடித்தோல் மும்முறை மாற்றப்பட்டது என்றும் பின்னர் அறிந்தேன். மழையும் பெய்தது. வாடகைச் சப்பாத்து அணிந்த இளைஞர் புல்லின்மேல் ஒவ்வோரடியாகத் தடுமாறிச் செல்ல, முதியவர் தம்முடைய வயலிலே நடப்பவர் போல முன்னே நடந்தார். எல்லோரும் உடுத்தது ஒரே உடைதான். அவருக்கு அது உடையாகவும், மற்றையோர்க்கு அது வேடமாகவும் இருந்தது. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் காலே காட்டிவிட்டது.

இனி, தெரிவு செய்வோர்க்கு அங்கு வழங்கும் நெறிகளைத் தொகுத்துக் கூறலாம். மாலை விருந்துக்குக் கறுத்த சப்பாத்தே உரியது; பக்கிள் வைத்ததாயினும் கில்லி புரோக்காயினும் பொருந்தும். பகல் வேளையில் துவீட் மேற்சட்டையோடு கபில நிறப் புரோக் அழகாயிருக்கும். முன்னே தொங்கும் தோற்பையினதும் அரைப்பட்டியினதும் நிறத்தோடு சப்பாத்தின் நிறம் இசையவேண்டும். அடித்தோல் சிறிது தடிப்பாயிருத்தல் நன்று. கனத்த ஆடைக்குக் கனத்த காலே சமநிலை கொடுக்கும். காலுறையின் மடிப்பு முழங்காலுக்குக் கீழே இரண்டு மூன்று விரலளவு இடம்விட்டு நிற்கவேண்டும்.

கில்லி புரோக்கின் நாடாவைக் கட்டுவதிலும் முறையுண்டு. முதலில் முன்புறத்திலே இரு நாடாக்களையும் சிலமுறை முறுக்கவேண்டும். அம்முறுக்கே அவை கீழே வழுவாதபடி தாங்கும். பின்னர் கணுக்காலின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னேயோ வெளிப்பக்கத்திலேயோ முடியவேண்டும். உரோமாபுரி வீரனைப்போல முழங்கால்வரை ஏற்றிக் கட்டுவோரும் உளர். அங்ஙனம் கட்டினால் நடக்கும்போது நாடா தளர்ந்து விழும். காலுறையையும் உடன் இழுத்து வரும்.

மலையேறுவோர்க்கு மலையேறும் பூட்ஸே தக்கது. இளைஞர் பலர் அதனையே நகரத்திலும் அணிகின்றனர். ஸ்கொத்லாந்தின் உதைபந்தாட்டக் குழுவைப் பின்தொடர்ந்து நாடு நாடாகச் செல்லும் இரசிகர்கள், கில்ற்றின் கீழே கனத்த பூட்ஸும், அதன்மேற் சுருட்டிவிட்ட காலுறையுமாகக் காட்சியளிப்பர். இதனைப் பண்பாட்டுக் குறைவு என்று முதியோர் சிலர் முணுமுணுக்க நான் கேட்டிருக்கிறேன். என் கருத்து வேறு. மைல்கணக்காக நடந்து, மழையிலே நின்று, இரவெல்லாம் தெருவிலே பாடித் திரியும் ஒருவன் அதற்கேற்ற காலணியைத் தெரிந்துகொள்வது, மான்தோலிலே துளையிட்ட முன்னோன் செய்த செயலேயாகும். மெழுகிட்ட தரையிலே ஊடுருவாத துளைகளோடு நிற்பவனை விட இவன் அம்முன்னோனுக்கு அண்மையில் நிற்கின்றான்.

ஆனால், அதே பூட்ஸோடு திருமண வீட்டுக்குச் செல்லலாமா என்று கேட்டால், ஆகாது என்றே சொல்வேன். இடம் என்பது மண் மாத்திரமன்று. அங்கே கூடியிருக்கும் மனிதரும் அதிற் சேர்ந்தவரே. அழைத்தவரின் மனமும் ஒருவகை நிலந்தான். அதிலும் பார்த்தே காலை வைக்கவேண்டும்.

ஒரு காலத்திலே இவ்வுடையை அணிந்தமைக்காக மக்கள் சிறைசெல்ல நேர்ந்தது. இன்று அதனை யாரும் தடுப்பாரில்லை. வாடகைக்குக் கொடுப்பாரே உளர். தடையினால் மறைந்த உடைகளை வரலாறு எண்ணி வைத்திருக்கிறது. பொருளறியாது அணிந்தமையால் வேடமாகிப்போன உடைகளை எண்ணியவர் யார்? கில்ற் அணியப் புகும் ஒருவர், எது வழக்கம் என்று கடைக்காரரைக் கேட்குமுன், இன்று நான் எங்கே நடக்கப்போகிறேன் என்று தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வாராக. அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையிலே சப்பாத்தும் இருக்கும். அதனைச் செய்த முன்னோரின் அறிவும் இருக்கும்.